குதிரைகள் விட்டுச்சென்ற பாதை

ஜேர்மனியின் பசாவ் நகரிலிருந்து ஒஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை, தன்யூப் நதிக்கரையோரமாக 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான சைக்கிள் பாதையொன்று செல்கிறது. பெரும்பகுதியில் மோட்டார் வாகனங்களே இல்லை.

ஆனால் இத்தடம் சைக்கிளுக்காகப் பிறந்ததன்று. நீராவிக் கப்பல்கள் வருமுன், பாரமேற்றிய படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தன. கயிறு நீரைவிட்டு விலகக்கூடாது. பாரமிழுக்கும் குதிரைக்கு மேடும் ஆகாது. அதனால் பாதை ஆற்றை ஒட்டிச் சமதரையாகவே அமைந்தது. கப்பல் வந்ததும் குதிரைகள் போயின, தடம் மிஞ்சியது. பல இடங்களில் இன்று சைக்கிள்கள் ஓடுவது அதன்மேல்தான்.

மெல்க், கிரெம்ஸ் நகரங்களுக்கிடையே வருவது வாஹாவ் பள்ளத்தாக்கு. 2000ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமைப் பிரதேசம். சாந்தின்றி அடுக்கிய கற்சுவர்கள் மலைச்சரிவைப் படிகளாக்க, படிதோறும் திராட்சைக் கொடிகள். பகல் வெயிலை வாங்கிவைக்கும் அக்கற்கள் இரவில் கொடிகளுக்குச் சூடு கொடுக்கின்றன. அத்திராட்சை வைனாகிவிடும், நமக்கு அங்கு விளையும் அப்ரிகொட் பழமே போதும்!

லொறிக்குப் பயந்து என் சைக்கிளைப் பூட்டிவைத்த உம்மாவிடம் இப்பாதையின் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“இப்பிடிப் பாதையெண்டா நானும் ஓடுவன்” என்றார்.