ஆழ்கடல் நந்தின் பெயர்

சங்கிற்கு நந்து, பணிலம், வளை, கோடு, சுரிமுகம் எனப் பெயர்கள் பலவற்றை நிகண்டு நூலார் தொகுத்துத் தந்தனர். இப்பி ஆயிரம் சூழ இடம்புரியும், இடம்புரி ஆயிரம் சூழ வலம்புரியும், வலம்புரி ஆயிரம் சூழச் சலஞ்சலமும் வாழுமென்பது மரபு. இவற்றுள் வலம்புரியை இன்றும் காட்டலாம். மேனாட்டார் அதனை இடஞ்சுழி என்பர். ஓட்டைப் பிடித்து நோக்கும் முறை வேறாதலின். பொருள் கையில் இருப்பதனால் அவ்வழக்கு எளிதில் தீரும். சலஞ்சலம் யாதென மாணவன் வினவினாலோ, எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. பெயர் நின்றது, பொருள் கைநழுவிற்று.

உயிர்நூலார் இவ்விழப்பிற்கு அஞ்சியே விதி வகுத்தனர். லின்னேயசு 1758 இல் வெளியிட்ட நூற்பதிப்பே விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கம். புதிய நத்தையினம் கண்டவர் பெயரை மட்டும் மொழிந்து அமையலாகாது. ஓட்டின் உயரம், சுருள்களின் தொகை, வரிகள், வாயின் வடிவம், நாவிலுள்ள நுண்பற்கள், கிடைத்த இடம், ஆழம் ஆகியவற்றை எழுதி, ஒத்த இனங்களினின்று அது வேறுபடுமாற்றைக் காட்டி வெளியிடுவர். அவ்வோட்டையே மூலமாதிரியாக நூதனசாலையில் வைப்பர். பாடபேதம் தோன்றுமிடத்து நாம் ஏட்டுச்சுவடியை நாடுவதுபோல, ஐயுற்றோர் அதனை நாடுவர்.

திருக்கோவிற் கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு அலையே தோன்றும். அப்பால் கடற்றரை விரைந்து சரிந்து வங்காள விரிகுடாவின் ஆழத்தில் இறங்குகின்றது. அவ்விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் 'இன்வெஸ்டிகேற்றர்' என்னும் அளவைக் கப்பல் 1893-94 ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆழவலை இழுத்தது. அக்கப்பல் திரட்டிய நத்தைகளை இலண்டனில், பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த எட்கர் சிமித்து ஆராய்ந்தார். 1895 இல் அவர் வகுத்த பேரினங்களுள் ஒன்று 'பொன்ரியோதௌமா'. கிரேக்க மொழியிற் கடல் வியப்பு என்பது அதன் பொருள். அதில் ஓரினத்திற்கு 'அபிசிக்கோலா', ஆழத்து உறைவது, என்று பெயரிட்டார், நன்று. மற்றையதற்கு இட்டது 'மிராபிலே', அஃதாவது வியக்கத்தக்கது. வியக்கத்தக்க வியப்பு! கூறியது கூறல் என நம் இலக்கணிகள் குற்றங் காண்பர். ஆயினும், சிமித்து எந்த நந்தைச் சொன்னார் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

பணிலம், சுரிமுகம் என்பவற்றுள் ஒன்றை ஆழ்கடல் நத்தை ஒன்றிற்கு நம்மவர் இடக்கூடுமா? கூடும். சுருளை எண்ணி, ஓட்டை அளந்து, உருவத்தை வரைந்து, முன்னறிந்த இனங்களோடு ஒப்பிட்டு எழுத வல்ல மாணவன் ஒருவன் முதலில் வேண்டும். பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதுதல் வேண்டுமென்பதே விதி; சொல் எம்மொழியினதாயினும் அவ்விதி தடுப்பதில்லை.