3 புலிக்கு 15 ஆடு: கம்ப்யூட்டர் போர்க்களம் வரையும் வித்தை!
அழுகுணி ஆட்டம் ஆடினால் யாரும் திரும்ப வரமாட்டார்கள்

மல்லாங்கிணறு:
ஒரு பக்கம் 3 புலி. மறுபக்கம் 15 ஆடு. இது என்ன நியாயம் என்று கேட்கலாம். நியாயம்தான்! கோடு போட்டவன் கெட்டிக்காரன்!

மல்லாங்கிணறு வட்டாரம் உள்ளிட்ட தென்மாவட்ட ஊர்களில் திண்ணையிலும் கோவில் கல்தரையிலும் கோடு கிழித்து ஆடிய ஆடு புலி ஆட்டம் இது. மொத்தம் 23 சந்திகள். புலி தாவி ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒன்று சேர்ந்து வளைத்தால் புலி அசைய முடியாது. ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் கெட்டுப்போகும்.

இதே வித்தைதான் இன்று கம்ப்யூட்டரிலும் நடக்கிறது.

சொந்தமாக ஒரு களம்

"ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2" என்ற போர் விளையாட்டு 1999-ல் வந்தது. மரம் வெட்டி, தங்கம் தோண்டி, படை திரட்டி எதிரியை வீழ்த்த வேண்டும். 2022-ல் வந்த புதிய பகுதியில் நம்ம ராஜேந்திர சோழனும் படை நடத்துகிறார்!

இந்த விளையாட்டிலேயே சொந்தமாகக் களம் அமைக்கவும் வசதி உண்டு. காடு, ஆறு, மேடு, சுரங்கம் எல்லாவற்றையும் இஷ்டம்போல வைக்கலாம். இங்கேதான் பையன்கள் கோட்டை விடுகிறார்கள்!

தன் வீட்டுப் பக்கம் தங்கத்தைக் குவித்து வைத்தால் முதல் நாள் ஜெயிக்கலாம். "என்னடா இது, அழுகுணி ஆட்டமா இருக்கு" என்று மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

வழக்கமான களங்களில் இரு தரப்புக்கும் தொடக்கத்தில் பெரும்பாலும் 3 வேலையாட்கள், ஒரு குதிரை ஒற்றன். பக்கத்தில் 8 செம்மறி ஆடுகள், 2 காட்டுப்பன்றிகள். களம் யாருக்கும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அப்புறம் அவரவர் சாமர்த்தியம்.

நடுவில் கண்மாய்!

மல்லாங்கிணறு பையன் ஒருவன் தன் ஊர்ப்பக்கத்தையே களமாக வரைகிறான் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கண்மாய். சுற்றிலும் சீமைக்கருவேலங்காடு. கடக்க ஒரே ஒரு கரைதான் என்றால், அதன் வாயில் மதில் கட்டி ஒருவன் உட்கார்ந்துகொள்வான். ஆட்டம் மணிக்கணக்கில் இழுக்கும். இரண்டு கரை இருந்தால்? எந்தப் பக்கம் வருவான் என்று எதிரிக்குத் தூக்கம் வராது. அதுதான் சுவாரசியம்!

மரத்திலும் சூட்சுமம் உண்டு. வெட்டாத காடு மதில் மாதிரி. வெட்ட வெட்டப் புதுப்பாதை திறக்கும்.

வரைந்தபின் இடம் மாற்றி உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கமே ஜெயித்தால் களத்தில் கோளாறு. அழித்துத் திரும்ப வரைய வேண்டியதுதான்.

பட்டா யார் பேரில்?

விளையாட்டுத்தானே என்று அலட்சியம் வேண்டாம். "வார்கிராப்ட் 3" விளையாட்டுக்கு ரசிகர்கள் சும்மா வரைந்த களம் ஒன்று 2003-ல் வெளிவந்தது. பெயர் "டோட்டா". உலகமே அதன் பின்னால் ஓடியது. வேறொரு கம்பெனி 2013-ல் அதைத் தனி விளையாட்டாகவே வெளியிட்டது. 2021-ல் ருமேனியாவில் நடந்த போட்டியில் பரிசுத்தொகை 4 கோடி டாலர்!

விளைவு? "வார்கிராப்ட் 3" கம்பெனி 2020-ல் விதியை மாற்றியது. அதில் யார் களம் வரைந்தாலும் சொந்தம் கம்பெனிக்கே! உழுதவன் ஒருவன், பட்டா இன்னொருவன் பேரில்!

ராத்திரி கண் விழித்துக் களம் வரைகிற தம்பிகள், முதலில் அந்த விதிகளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஆடு புலி ஆட்டத்தை அமைத்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவன் பட்டாவும் கேட்கவில்லை. அவன் போட்ட கோட்டில் இன்றைக்கும் ஆட்டுக்கு ஒரு வழி இருக்கிறது, புலிக்கும் ஒரு வழி இருக்கிறது!