எஸ்.எஸ்.டி.யையும் எடை போட்டு வாங்குவோம்!



மூட்டையின் மேல் அச்சடித்த எடையை நம்பி நாம் சரக்கு இறக்குவதில்லை. தராசில் ஏற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறோம். கணினிப் பொருளுக்கு மட்டும் அந்த வழக்கத்தை மறந்துவிடுகிறோம்.

நாமும் ஏமாந்தோம். ‘1 டி.பி.’ என்று எழுதிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி, வீட்டுக் கணினியில் செருகி, கொள்முதல் பில்களின் நகல்களைச் சேர்த்து வந்தோம். நான்கு மாதம் கழித்துப் பல பில்கள் திறக்கவில்லை. சோதித்தால், உள்ளே இருந்தது 64 ஜி.பி. மட்டுமே! அனுப்பியவர்களிடம் பில்களை மறுபடி கேட்டு வாங்க மூன்று வாரம் ஆயிற்று. ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றைக் கூறுகிறோம்.

ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழல வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. எல்லாம் சில்லுகளில் பதிகிறது. அதனால்தான் பழைய கணினிகூட இதைப் பொருத்தியதும் சுறுசுறுப்பாகிறது.

முதலாவது, பொருத்தம். சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 எம்.பி. வரை படிக்கும். என்.வி.எம்.இ. வகை பல மடங்கு வேகம். எம்.2 என்னும் சிறு பட்டை வடிவில் இரண்டு வகையும் வருகின்றன. உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்று கேட்டே வாங்குங்கள். பில் போடவும் கணக்கு எழுதவும் சாட்டாவே போதும்.

இரண்டாவது, உழைப்பு. மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்பதை டி.பி.டபிள்யூ. என்று குறிப்பார்கள். சாம்சங் 870 இவோ 500 ஜி.பி.க்கு 300 டி.பி. அல்லது 5 ஆண்டு, எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. தினம் 20 ஜி.பி. எழுதினாலும் 300 டி.பி. தீர 40 ஆண்டுக்கு மேல் ஆகும். இந்த எண்ணே சொல்லாத சரக்கைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, சோதனை. காலியாக இருக்கும்போதே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். 500 ஜி.பி. என்பது விண்டோஸில் 465 என்று தெரிந்தால் அது குறைவு அல்ல. கணக்கிடும் முறை வேறு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். ‘புதுசு’ என்று விற்றது பல நூறு மணி ஓடியிருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள்.

நல்ல எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் முன்னறிவிப்பின்றி நின்றுவிடலாம். வாரண்டியில் புது டிரைவ் கிடைக்கும், கணக்கு கிடைக்காது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும். எனவே தினம் கடை கட்டுமுன் வேறொரு டிரைவில் ஒரு நகல் எடுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

கல்லாவைப் பூட்டாமல் நாம் வீட்டுக்குப் போவதில்லை. கணக்கும் கல்லாதான்.