பின் ஆக்ஸிலை முறிப்பது எது?

1960களின் பிற்பாதியில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 426 ஹெமி என்ற இன்ஜினைத் தன் சாலைக் கார்களில் பொருத்தி விற்றது. ஏட்டில் எழுதியிருந்த திறன் 425 குதிரைத்திறன். அந்தக் காரை நாலு கியர் மேனுவலோடு கேட்டவருக்கு நிறுவனம் டேனா 60 என்ற பின் ஆக்ஸிலைக் கொடுத்தது. அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் மட்டுமே ஒன்பதே முக்கால் அங்குல விட்டம். லாரிக்குப் போடவேண்டிய சாமான். அதே காரை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு கேட்டவருக்கு சாதாரணமாகக் கிடைத்தது எட்டே முக்கால் அங்குலக் கிரவுன் வீல் கொண்ட ஆக்ஸில். இன்ஜின் ஒன்று, குதிரைத்திறன் ஒன்று, ஆக்ஸில் மட்டும் இரண்டு. “எத்தனை குதிரைத்திறனுக்கு எந்த ஆக்ஸில்?” என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. ஆக்ஸில் தாங்கவேண்டியது குதிரைத்திறனை அல்ல, முறுக்குவிசையை. அந்த முறுக்குவிசைக்கு உச்சவரம்பு வைப்பது இன்ஜின் அல்ல, டயர்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1998 முதல் 2002 வரை வந்த கமாரோ ஸீ28 காரில் இன்ஜினின் உச்ச முறுக்குவிசை சுமார் 454 நியூட்டன் மீட்டர். மேனுவல் வண்டியில் முதல் கியர் 2.66, பின் ஆக்ஸிலின் விகிதம் 3.42. மூன்றையும் பெருக்கினால் பின்சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது 4,100 நியூட்டன் மீட்டருக்கு மேல். ஆனால் அவ்வளவையும் சாதாரண டயர் ஏற்காது. காரின் எடை 1,550 கிலோ என்றும், கிளம்பும்போது அதில் 950 கிலோ பின்சக்கரங்களில் உட்காருகிறது என்றும், டயரின் பிடிப்பு 0.9 என்றும் வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 2,770 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிவிடும். புகை வரும், சத்தம் வரும், ஆக்ஸில் பிழைத்துக்கொள்ளும். இன்ஜினின் சக்தியை இரட்டிப்பாக்கினாலும் அந்த 2,770 அப்படியேதான் இருக்கும், புகைதான் கூடும். இப்போது இன்ஜினைத் தொடாமல், பின்னால் மட்டும் பந்தயத்துக்கான ஸ்லிக் டயரை மாட்டுங்கள். பிடிப்பு 1.6 வரை ஏறுகிறது, எடையும் இன்னும் பின்னால் சாய்கிறது. சக்கரம் கிட்டத்தட்ட 6,000 நியூட்டன் மீட்டர் வரை வழுக்காமல் நிற்கும். அதாவது இன்ஜின் தருகிற 4,100 மொத்தமும், கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பற்கள் வழியாகவே போயாக வேண்டும். அந்தக் காரின் ஏழரை அங்குலச் சொச்ச பத்து போல்ட் ஆக்ஸிலுக்குக் கெட்ட பெயர் வந்தது, பெரும்பாலும் ஒட்டுகிற டயரையும் மேனுவல் கியரையும் ஒன்றாகச் சேர்த்தவர்கள் கையில்தான்.

மேனுவல் கியரை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அதில் இன்ஜினின் முறுக்குவிசையோடு கதை முடிவதில்லை. 5,000 சுற்றில் இன்ஜினை வைத்துக்கொண்டு கிளட்சைச் சட்டென்று விட்டால், ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழல் ஆற்றல் முழுவதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சம்மட்டி அடியாகக் கிரவுன் வீலில் இறங்கும். ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் இதையே எண்ணெய் வழியாக அனுப்புகிறது. முறுக்குவிசையை அது பெருக்கிக் கொடுத்தாலும், அடியாகக் கொடுப்பதில்லை. கிரைஸ்லர் பொறியாளர்கள் ஒரே இன்ஜினுக்கு இரண்டு ஆக்ஸில் வைத்தார்கள் என்றால், இந்த அடிக்குப் பயந்துதான் என்று கொள்வதே பொருத்தம்.

சரி, உடைவது எப்படி? பினியன் கிரவுன் வீலைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. அதைத் தள்ளிக்கொண்டு விலகவும் பார்க்கும். சுமை ஏற ஏற ஹவுசிங் நெளியும், பற்கள் நடுவில் பொருந்துவதை விட்டு ஓரத்தில் தொடும், ஓரம் பெயரும். ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்ஸில் 1957 முதல் 1986 வரை தொழிற்சாலையில் தயாரானது. அதன் பிறகும் அதன் உதிரிபாகங்கள் புதிதாக வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மற்ற பெரும்பாலான ஆக்ஸில்களில் பினியன் ஒரு பக்கம் மட்டும் பிடித்த கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும்; இதில் பற்களுக்கு அந்தப் பக்கமும் மூன்றாவதாக ஒரு பேரிங் தாங்குகிறது. விலக நினைத்தாலும் பினியன் விலக முடியாது. அதோடு, பினியன் கிரவுன் வீலின் மையத்துக்கு வெகு கீழே பொருந்துகிறது. பல்லும் பல்லும் நீளமாகத் தழுவி நிற்கும், அதனால் பலம் அதிகம். அதே தழுவல்தான் உரசலையும் கூட்டுகிறது. ஒரு சில சதவீத சக்தி எண்ணெயைச் சூடாக்கவே போய்விடுகிறது. “அப்படியானால் ஒன்பது அங்குலம் வீண்தானே?” என்பவர்களுக்கு அரைப்பங்கு நியாயம் உண்டு. எரிபொருளைப் பார்த்துத் தினமும் ஓட்டும் 400 குதிரைத்திறன் காரில், சாதாரண டயரோடு, அது வீண்தான். ஒட்டும் டயரும் கிளட்சும் சேர்ந்த காரில் அந்தச் சில சதவீதத்தைக் காப்பீட்டுக் கட்டணமாக எழுதிக்கொள்ளலாம்.

கிரவுன் வீலின் விட்டத்தைப் பேசுகிறவர்கள் ஆக்ஸில் ஷாஃப்ட்டை மறந்துவிடுகிறார்கள். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். ஷாஃப்ட்டின் முனையில் வெட்டிய வரிப்பற்களான ஸ்ப்லைன்களின் எண்ணிக்கையை வைத்துச் சொன்னால், 28 ஸ்ப்லைன் ஷாஃப்ட் சுமார் 30 மில்லிமீட்டர், 31 ஸ்ப்லைன் சுமார் 34, 35 ஸ்ப்லைன் 38. கண்ணுக்கு விரல் நக அளவு வித்தியாசம்கூட இல்லை. ஆனால் அதே உருக்கில் 28-ஐ விட 35-க்கு ஏறக்குறைய இரு மடங்கு பலம். பந்தயக்காரர்கள் ஷாஃப்ட்டின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு பெயின்ட் அடித்துவைப்பார்கள். சில மாதம் கழித்துக் கழற்றும்போது அந்தக் கோடு கயிற்றுப் புரி போல வளைந்திருந்தால், ஷாஃப்ட் இன்னும் உடையவில்லை என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சாலையில் ஓட்டுகிறவர் பலத்துக்கு முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் பெரும்பாலான பத்து போல்ட், பன்னிரண்டு போல்ட் கார் ஆக்ஸில்களிலும், ஃபோர்டு மஸ்டாங்கின் 8.8 அங்குல ஆக்ஸிலிலும், ஷாஃப்ட்டை உள்ளே பிடித்துவைத்திருப்பது டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் லாடம் போன்ற ஒரு சின்ன கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் பிடிமானமும் போயிற்று. சக்கரமும் பிரேக்கும் சேர்ந்து வெளியே நழுவலாம். ஒன்பது அங்குலத்தில் ஷாஃப்ட்டை வெளிமுனை பேரிங்கில் தட்டு போட்டுப் பிடித்திருக்கிறார்கள். முறிந்தால் கார் நிற்கும், சக்கரம் கழலாது. டயர் எதுவானாலும் நான் முதலில் பார்க்கும் இடம் இது.

என் வாதத்துக்கு வலுவான எதிர்வாதம், சாதாரண டயரிலும் ஆக்ஸில் உடைகிறதே என்பது. உடைகிறது. பின்சக்கரம் வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்துத் துள்ளும்போது ஒவ்வொரு பிடிப்பும் ஒரு சம்மட்டி அடி. அதற்கு மருந்து முதலில் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களிலும் டாம்பரிலும் இருக்கிறது. துள்ளலை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய ஆக்ஸில் போட்டால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ். இன்னொன்று, வெப்பம். 700 குதிரைத்திறனில் மூன்று சதவீதம் உரசலில் போனால் 15 கிலோவாட்டுக்கு மேல்; இங்கே குதிரைத்திறனுக்குத்தான் பேச்சு. ஆனால் 700-ஐ முழுதாக அழுத்த சாலையில் சில நொடிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. தனித்தனியாக ஆடும் பின் சஸ்பென்ஷன் பலவீனமானது என்ற பழைய நம்பிக்கையையும் 2018-இல் வந்த டாட்ஜ் டீமன் ஒதுக்கிவிட்டது. 840 குதிரைத்திறனில், ஒட்டும் டயரில், முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அந்தக் கார் ஆட்டோமேட்டிக் என்பதைக் கவனிக்க வேண்டும்.

“எதற்கு இவ்வளவு கணக்கு, ஒரேயடியாக டேனா 60-ஐப் போட்டுவிட்டால் என்ன?” என்று கேட்கலாம். அதன் எடை முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே சேருகிறது. மேடுபள்ளத்தில் சக்கரம் சாலையை விட்டு எழும்பி, திரும்ப அமர நேரமாகும். நடுத்தர வழி ஒன்று பழைய வண்டிக் கிடங்குகளிலேயே கிடந்தது. 1990களின் பிற்பாதி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 ஆக்ஸில், 31 ஸ்ப்லைன் ஷாஃப்ட்டோடும் டிஸ்க் பிரேக்கோடும் வந்தது. அதன் இரும்புக் குழாய்கள் நடு வார்ப்புக்குள் செருகிச் சில இடங்களில் மட்டும் பற்றவைத்தவை. பலத்த பிடிப்பில் சுழன்றுவிடும் என்பதால் சுற்றிலும் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். பல்லின் விகிதத்திலும் பேராசை கூடாது. ஒன்பது அங்குலத்தில் 3.50 என்றால் பினியனுக்குப் பத்துப் பல், 4.11 என்றால் ஒன்பது. பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் எல்லாம் பொருத்துகிற கையில் வந்து நிற்கிறது. பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, சுற்றிப் பார்த்து, அந்தத் தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழும்வரை பினியனுக்கு அடியில் ஷிம் தகடுகளை மாற்றுவார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி 0.2 மில்லிமீட்டர் அளவுதான். அவசரக்காரர் பொருத்திய டேனா 60-ஐ விட, இந்தத் தடம் சரியாக விழுந்த 8.8-ஐயே நான் என் காசு கொடுத்து வாங்குவேன்.