நாயின் அளை

எலெக்ட்ரானிக் சிட்டியில் அடுக்குமாடிகள் எழும் இடங்களில் மணற்குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். குட்டி ஈனும் காலம் நெருங்கினால் தெருநாய் அம்மணலைக் குடைந்து குழி அமைக்கும். அதனை எவரும் அதற்குக் கற்பிக்கவில்லை. நாயின் மூதாதையான ஓநாயும் மண்வளையிலோ பாறையிடுக்கிலோ குட்டி ஈனும். விலங்கு தங்கும் இத்தகைய இடத்தை அளை, முழை என்று பழந்தமிழர் வழங்கினர்.

குட்டிகள் கண்விழிக்க ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். அப்பருவத்தில் தாயே அவற்றின் கழிவை நக்கித் தூய்மை செய்யும். நடக்கத் தொடங்கியபின் அவை படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்கும். வீட்டு நாயைக் கூண்டில் பழக்குவோர் இவ்வியல்பையே பயன்படுத்துகின்றனர். நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் போதும். கூண்டு மிகப் பெரிதானால் ஒரு மூலை கழிப்பிடமாகிவிடும்.

ஆனால், அளைக்குக் கதவு இல்லை. வளர்ந்த ஓநாய்கள் பெரும்பாலும் வெட்டவெளியிலேயே உறங்குகின்றன. எனவே, நாய் கூண்டைத் தானாகவே விரும்பும் என்று எண்ணுதல் பிழை. கதவைத் திறந்து வைத்து, பழைய துணி விரித்து, உணவை உள்ளே வையுங்கள். அது அஞ்சாமல் நுழைந்து படுக்கப் பழகியபின் ஒரு நிமிடம் கதவைச் சாத்துங்கள். நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். தண்டனையாக அடைத்தால் அது சிறையே. பெற்றோர் அலுவலகத்திலும் நீங்கள் பள்ளியிலும் இருக்கும் பகல் முழுவதும் அதனைப் பூட்டி வைத்தல் தகாது. 3 மாதக் குட்டியால் 3, 4 மணி நேரத்திற்குமேல் சிறுநீரை அடக்க இயலாது.

நன்கு பழகிய நாய் தீபாவளி வெடியோசை கேட்டால் தானே கூண்டிற்குள் சென்று ஒடுங்கும். அப்போது கதவைச் சாத்தாதீர்கள்.