பனியின் மேல் ஓர் உயிர்ப்பாதை

போர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை பீரங்கிகளும் போர் விமானங்களுமே. ஆனால் பீரங்கிக்குக் குண்டும், விமானத்திற்கு எரிபொருளும், வீரனுக்கு உணவும் நாள் தவறாமல் வந்து சேர வேண்டுமன்றோ? அவை வரும் வழியே வழங்கல் பாதை எனப்படும். வேரறுந்த மரம் சில நாட்கள் பசுமையாகத் தோன்றலாம், பின்னர் பட்டுப்போகும். வழங்கல் பாதையை இழந்த படையும் அத்தகையதே. இவ்வுண்மையை லெனின்கிராட் நகரின் வரலாறு நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று அழைக்கப்படும் இந்த ரஷ்ய நகருக்குச் செல்லும் நிலவழிகள் அனைத்தையும் 1941 செப்டம்பர் 8-ஆம் நாள் ஜெர்மானியப் படை துண்டித்தது. உள்ளே ஏறத்தாழ 25 லட்சம் மக்கள் சிக்கினர். நகருக்குள் புகுந்து போரிடுவதைவிடப் பட்டினியால் அதை வீழ்த்துவதே ஹிட்லரின் திட்டம்.

எஞ்சியிருந்தது கிழக்கே உள்ள லடோகா ஏரி ஒன்றே. இலையுதிர் காலம் முழுவதும் படகுகள் அதில் உணவு சுமந்தன. ஆனால் ஏரிக்கரைக்குப் பொருள்களைக் கொண்டுவந்த இரயில் பாதையில் இருந்த டிக்வின் என்னும் ஊர் நவம்பர் 8-இல் பகைவர் வசமாயிற்று. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் பயனற்றுப் போகிறதல்லவா? அவ்வாறே ஆயிற்று. ஏரியும் உறையத் தொடங்கியது. நவம்பர் 20 முதல் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி மட்டுமே. அதிலும் தவிடும் மரக்கூழும் கலந்திருந்தன.

அந்த வாரமே உறைந்த ஏரியின்மேல் ஒரு பாதை திறக்கப்பட்டது. முதலில் குதிரைச் சறுக்கு வண்டிகள் சென்றன. நவம்பர் 22-இல் லாரிகள் புறப்பட்டன. பனித்தளம் மெல்லியதாக இருந்ததால் குறைந்த சுமையே ஏற்றினர். லாரி ஓடும்போது பனிக்கட்டியின் அடியில் நீரில் அலை எழும். லாரியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் பனித்தளம் பிளந்துவிடும். எனவே ஓட்டுநர்கள் வேகத்தையும் இடைவெளியையும் கவனமாகக் காத்தனர். லாரி மூழ்கினால் குதித்துத் தப்புவதற்காகக் கதவைத் திறந்து வைத்தே ஓட்டியவர் பலர். இளம் பெண்கள் கடுங்குளிரில் கொடியும் விளக்கும் ஏந்தி நின்று வழிகாட்டினர். விமானங்கள் குண்டு வீசியபோதும் போக்குவரத்து தொடர்ந்தது.

டிசம்பர் 9-இல் சோவியத் படை டிக்வினை மீட்டது. டிசம்பர் 25-இல் குழந்தைகளின் ரொட்டி 200 கிராமாக உயர்ந்தது. நமக்கு 75 கிராம் ஒரு கவளமே. அத்தாய்மார்களுக்கோ அது நம்பிக்கை! அந்த முதல் குளிர்காலத்தில் இப்பாதை வழியே 3½ லட்சம் டன்னுக்கும் அதிகமான பொருள்கள் வந்தன. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டனர். மக்கள் இதற்கு 'உயிர்ப்பாதை' என்று பெயரிட்டனர்.

ஆயினும் முற்றுகை 1944 ஜனவரி 27 வரை நீடித்தது. 6 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். பெரும்பாலோர் பசியால் மடிந்தவர்கள். ஒரு வழி அடைபட்டால் முதலில் வாடுவது போர்வீரன் அல்லன், குழந்தையே என்பதை நாம் மறத்தலாகாது. நகரைக் காத்தவர்களை எண்ணும்போது, முன்னணியில் துப்பாக்கி ஏந்தியவர்களோடு, மாவு மூட்டை ஏற்றிய ஓட்டுநரையும் பனியில் விளக்கேந்தி நின்ற பெண்ணையும் சேர்த்தே எண்ணுவோம்.