பனிக்காலத்து யாத்திரிகர்கள்

மேல்நாட்டில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற குடும்பஸ்தர்கள் பலருக்கு ஒரு விநோதமான பழக்கம் உண்டு. பனிக்காலம் வந்ததும் வீட்டைப் பூட்டிவிடுவார்கள். சமையல் அறை, படுக்கை, ஸ்நான அறை எல்லாம் அடங்கிய மோட்டார் வண்டி ஒன்றில் ஏறிக்கொண்டு, செல்ல நாயையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, வெயில் காயும் தென்திசையை நோக்கிப் புறப்பட்டுவிடுவார்கள். கனடாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கும் அரிஸோனாவுக்கும் இவ்விதம் வருகிறவர்களைப் 'பனிப்பறவைகள்' என்றே அழைக்கிறார்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டீன்பெக் 1960-இல் சார்லி என்னும் தம் நாயுடன் இத்தகைய வண்டியில் தேசத்தைச் சுற்றி வந்தார். அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1962-இல் வெளியாயிற்று.

இந்த மோகம் நம் பக்கத்திலும் மெள்ளத் தலைகாட்டுகிறது. அண்டையிலுள்ள கேரளத்தின் அரசாங்கம் வீட்டு வண்டிப் பிரயாணத்துக்கென்று 2021-இல் தனித் திட்டமே வகுத்தது. ஆனால் மோட்டாரும் குளிர்சாதனமும் இல்லாமல், வீட்டையும் தூக்கிக்கொண்டு, ஒரு நாயோடு நில்லாமல் ஒரு பெரிய மந்தையையே உடன் அழைத்துக்கொண்டு, வருஷா வருஷம் தஞ்சைத் தரணிக்கு வருகிற யாத்திரிகர்களை நேயர்கள் அறிவார்களா? அவர்கள்தாம் கீதாரிகள். அவர்கள் உல்லாசத்துக்காக வருகிறவர்கள் அல்லர், பிழைப்புக்காக வருகிறவர்கள்.

அறுவடையும் அழைப்பும்

ஆட்டு மந்தையின் தலைவனுக்குக் கீதாரி என்று பெயர். இவர்களுக்குச் சொந்த ஊர் பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கை ஜில்லாக்களில் இருக்கிறது. அது கண்மாயையும் வானத்தையும் நம்பிய பூமி. மழை ஓய்ந்து சில மாதங்கள் ஆனால் புல் கருகிப் போகும். கண்மாய் வற்றிப் போகும். ஆடுகளை எங்கே கொண்டுபோய்க் காப்பாற்றுவது?

அதே சமயத்தில், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று இப்போது பிரிந்து நிற்கும் பழைய தஞ்சை ஜில்லாவில் சம்பா அறுவடை நடக்கிறது. முன்பனி விலகிப் பின்பனி இறங்கும் தை, மாசி மாதங்களில் வயல்கள் வெறுமையாகின்றன. அறுத்த தாளும் வரப்புப் புல்லும் வாய்க்கால் கரைப் பசுமையும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஓரிடத்தில் பஞ்சம், மற்றோரிடத்தில் மிச்சம். இரண்டையும் இணைக்கிற பாலமாக மந்தைகள் நடந்து வருகின்றன. சிலர் இக்காலத்தில் லாரியில் ஏற்றியும் கொண்டுவருகிறார்கள்.

கூண்டுதான் வீடு

கிடைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தால் இவர்கள் குடித்தனம் நடத்தும் சாமர்த்தியம் விளங்கும். ஓலை வேய்ந்த கவிந்த கூண்டு ஒன்று, சில பாத்திரங்கள், போர்வைகள், மந்தையைச் சுற்றிக் கட்டும் வலை, அதைத் தாங்கும் கம்புகள். சொத்து அவ்வளவுதான். கூண்டுக்குள் இளங்குட்டிகள் இருக்கும். திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் மனிதரும் அதற்குள் ஒதுங்க வேண்டியதுதான். மேல்நாட்டுச் சீமான் தம் வண்டியில் பிராணிக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறார். இங்கேயோ பிராணிகளின் வீட்டில் மனிதருக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது!

பொழுது சாயும் வேளையில் ஆடுகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்புகின்றன. தாயைத் தேடிக் குட்டிகள் கத்த, குட்டியைத் தேடித் தாய்கள் கத்த, சற்று நேரம் காது செவிடுபடும். எந்தக் குட்டி எந்தத் தாயினுடையது என்று நமக்குத் தலை சுற்றும். ஆனால் மேய்ப்பவர் கூண்டைத் திறந்து ஒவ்வொரு குட்டியையும் அதனதன் தாயிடம் சேர்ப்பிக்கிறார். இரவு முழுதும் நரிக்கும் திருடனுக்கும் காவல் இருக்க வேண்டும். அந்த வேலையில் பாதி நாயைச் சேர்ந்தது. அது மெத்தையில் படுத்துப் பிஸ்கோத்துத் தின்கிற நாயல்ல. கொட்டும் பனியில் காதை நிமிர்த்திக்கொண்டு கிடக்கிற பங்காளி.

புழுக்கையின் கணக்கு

மிராசுதார்கள் இந்த மந்தைகளை வரவேற்பது தர்மத்துக்காக அன்று. 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பது குடியானவர் வாக்கு. ஆட்டுப் புழுக்கை விரைவில் மக்கி, அடுத்த பயிருக்கே பலன் தருகிறது. விவசாய நூல்களின் கணக்கும் இதற்கு ஒத்தே இருக்கிறது. நூறு கிலோ ஆட்டு எருவில் சுமார் 3 கிலோ தழைச்சத்தும், 1 கிலோ மணிச்சத்தும், 2 கிலோ சாம்பல் சத்தும் உண்டு. சாதாரணத் தொழு உரத்திலோ தழைச்சத்து அரைக் கிலோதான். மேலும், கிடை போட்டால் எருவை வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை, இறைக்க வேண்டியதில்லை. தொழுவத்தில் வீணாய்ப் போகும் ஆட்டு மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குகிறது. அடுத்த நாள் வலையைப் பெயர்த்துப் பக்கத்து இடத்தில் கட்டுகிறார்கள். இப்படியே வயல் முழுதும் உரம் பெறுகிறது.

கிடைக்கூலியாக முன்காலத்தில் நெல் அளந்தார்கள், இப்போது ரொக்கம். ரசாயன உர மூட்டைகள் வந்தபின் கிடையின் மதிப்புக் குறைந்தது. பிறகு, தஞ்சை ஜில்லா இளங்காட்டில் 1938-இல் பிறந்த நம்மாழ்வார் போன்றோர் மண்ணின் உயிரைப் பற்றி ஊர் ஊராய்ப் பேசினார்கள். 2013-இல் அவர் காலமான பின்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஆட்டுக்கிடையைத் தேடிப் போகிற விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆயினும் சச்சரவுகளுக்குக் குறைவில்லை. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்கு நடுவில் உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டாவின் வழக்கம். வெறும் வயல் என்று தோன்றுகிற இடத்தில் இளம்பயிர் இருக்கும். மந்தை வரப்புத் தாண்டி அதில் வாய் வைத்துவிட்டால் வழக்கு, அபராதம், வசவு எல்லாம் வந்து சேரும். வெளியூரானுக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்? நோய் வந்தால் அது வேறு தொல்லை. ஒரத்தநாட்டில் 2012-இல் ஏற்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி டெல்டாவின் நடுவிலேயே இருக்கிறது. ஆனால் இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று நகர்கிற மந்தைக்கு, தடுப்பு ஊசி போடுகிறவர் தேடி வந்தால்தான் உண்டு.

தண்ணீர் வந்தால் புறப்பாடு

இந்த யாத்திரையின் பஞ்சாங்கம் மேட்டூரில் இருக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விட வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து குறுவைக்கு உழவு தொடங்கினால் கிடைக்கு இடமில்லை. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷங்கள் அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2020-இல்தான் மறுபடியும் திறந்தது. குடியானவன் எதிர்பார்க்கிற நாளைத்தான் கீதாரியும் பார்க்கிறான். ஒருவனுக்கு அது வரவு, மற்றவனுக்கு அது விடைபெறும் நாள்.

பள்ளிக்கூடத்து வாசலில்

உபாத்தியாயர் என்ற முறையில் நம் மனத்தை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பள்ளிக்கூட வருஷம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் பரீட்சையுடன் முடிகிறது. கீதாரியின் வருஷமோ தை மாதத்தில் கிளம்புகிறது. ஆகவே கூண்டோடு புறப்படுகிற குழந்தை, வருஷத்தின் முக்கியமான பகுதியைத்தான் இழக்கிறது. இரண்டு மூன்று தைகளுக்குப் பிறகு அது பள்ளிக்கே திரும்புவதில்லை.

இதைவிடக் கொடியதும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சூறையாடிய பிறகு, கடனுக்கு ஈடாகச் சிறுவர்கள் ஆடு மேய்க்க அடகு வைக்கப்பட்ட செய்திகள் வெளிவந்தன. அதிகாரிகள் சிலரை மீட்டனர். கொத்தடிமையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கல்வி உரிமை என்ற 2009-ஆம் வருஷத்துச் சட்டம், 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. வருஷத்தின் நடுவில் வந்து நிற்கிற குழந்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கட்டளை. சட்டம் இருக்கிறது, ஆனால் வரப்பில் நிற்கிற குழந்தைக்குச் சட்டத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை.

இங்கேதான் நம் குடும்பங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. வயலுக்குக் கிடை பேசுகிற மிராசுதார், கூலியைப் பேசும்போதே, "குழந்தைகள் உண்டா? எத்தனையாம் வகுப்பு?" என்று கேட்கலாம். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்த் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். நான்கு மாதமே ஆனாலும் அந்தப் பெயர் வருகைப் பதிவில் ஏறட்டும். பெற்றோர் இல்லாமல் தனியே ஆடு மேய்க்கிற சிறுவனைக் கண்டால், அவன் யார் பிள்ளை என்று விசாரித்து, ஜில்லாக் கலெக்டருக்கு ஒரு கடிதம் போடலாம்.

தஞ்சை நெல்லைச் சோறாக்கி உண்கிற நாம், அந்த நெல்லுக்கு உரமிட்டவர்களின் குழந்தைகளுக்கு இவ்வளவாவது கடமைப்பட்டிருக்கிறோம்.